எட்டுப் பல்லா, ஒன்பது பல்லா?

சாக்கை விரித்து அதன்மேல் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்களை வைத்திருந்தார் பெரம்பலூர் மெக்கானிக் ஜமால் பாய். ஒவ்வொரு ஜோடியிலும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பெரிய சக்கரம், தயிர் கடையும் மத்து மாதிரி ஒரு சின்னது. புது கிரீஸ் வாடை மூக்கைத் துளைத்தது. தகரக் கூரையின் சூடு தலைமேல் வைத்த சுமை மாதிரி இருந்தது.

ஒரு பக்கம் எங்க வீட்டுக்காரர். இன்னொரு பக்கம் பாய். நடுவில் ஒரு தேய்ந்த டயர்மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நான்.

“அக்கா, வண்டி உங்க பேர்ல இருக்கு. நீங்களே சொல்லுங்க. எந்தப் பல்லு போடட்டும்?” என்றார் பாய்.

ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் நான். கடைக்காரர் “என்ன வேணும்மா?” என்று கேட்டாலே தரையைப் பார்ப்பேன். என்னிடம் வந்து லாரிப் பல்லைக் கேட்டால்?

தா.பழூரிலிருந்து எறையூர்ப் பக்கம் வாழ வந்த கதையைப் போன வாரம் எழுதினேன். இந்த வாரம் வண்டிக் கதை. இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். எங்க வீட்டுக்காரரும் இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்.

என் பேரில் ஒரு வண்டி

அது அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓடி, வேண்டாம் என்று கழித்துவிட்ட வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஃபோர் வீல் என்பார்கள். பின்னால் சுமை ஏற்றத் தொட்டி. வாங்கி வந்து எத்தனையோ முறை கழுவியும் கேபினுக்குள் வெள்ளைத் தூசி போகவில்லை. கண்ணாடியை இறக்கினால் இன்றைக்கும் மாவு மாதிரி கொட்டும்.

ஜோசியர் எங்க வீட்டுக்காரர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, “ஒங்க பேர்ல வாகனம் ஆவாது, சம்சாரம் பேர்ல போடுங்க” என்று சொல்லிவிட்டார். அதனால் ஆர்.சி. புக்கில் என் பேர். நம்பர் பலகையில் இருக்கிற எண்களைக் கூட்டினால் ஒன்பது வரும். அது வரும்படி பார்த்துத்தான் வாங்கினார். எட்டு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சனியோட எண் என்பார். எட்டாம் தேதி விதை வாங்க மாட்டார். பஸ்ஸில் எட்டாம் நம்பர் சீட்டு காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்.

எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் இடது பக்கச் சீட்டு என்னுடையது. கிளீனர் கிடையாது. வளைவில் தலையை நீட்டிப் பார்த்து, “வரலாம், வரலாம், நில்லுங்க!” என்று சொல்வது என் வேலை.

சத்தத்துக்குள்ளே

அந்த வண்டியின் இஞ்சின் சத்தம் எப்படிப்பட்டது என்று எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. கேபினே அதிரும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் உதடு அசைவதுதான் தெரியும்.

ஒரு முறை திருமழபாடிக்குச் சாமி கும்பிடப் போனோம். கொள்ளிடக் கரையோரம் காற்று முகத்தில் அடித்தது. என்னவோ தோன்றியது, வாய்விட்டுப் பேச ஆரம்பித்தேன். சின்ன வயசில் செத்துப்போன என் தங்கச்சியைப் பற்றிப் பேசினேன். மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்குப் பத்து வருடம் கழித்துப் பதில் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரையே, “ஒரு நாளாச்சும் சாப்ட்டியான்னு கேட்டிருக்கீங்களா?” என்று திட்டினேன்.

“என்ன?” என்று கத்தினார்.

“ஒண்ணுமில்ல, ஆடு வருது!” என்று கத்தினேன்.

அன்றைக்கு இறங்கும்போது என் தொண்டை கட்டியிருந்தது. மனசு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் எந்தச் சவாரிக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. வீட்டில் யாராவது வந்தால் அடுப்படிக்குள் போய்விடுகிறவள், அந்தச் சத்தத்துக்குள் மட்டும் பேசுவேன்.

நாலு அங்குலம்

எங்கள் பக்கம் கரிசல். மழை பெய்தால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. கரும்பு வெட்டச் சொல்லி ஆலையில் உத்தரவு வந்துவிட்டால் மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கவும் முடியாது. டிராக்டர் இறங்கினால் டிரெய்லர் தனியாகப் புதைந்துவிடும். அப்போதுதான் எங்கள் வண்டியைக் கூப்பிடுவார்கள். காட்டிலிருந்து கட்டுகளை ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், அங்கே நிற்கிற லாரி ஆலைக்கு எடுத்துப் போகும்.

சேறு அதிகமாகிவிட்டது என்று ஒரு வருடம் பெரிய டயர் வாங்கி மாட்டினார். பழையதைவிட நாலு அங்குலம் உயரம். ஆழமான பட்டை. பார்த்தால் யானைக்கால் மாதிரி இருக்கும். எனக்கு ஏறி உட்காரக் கீழே ஒரு மணைக்கட்டை வைக்க வேண்டியதாயிற்று.

பெரிய கால் வைத்தால் பலம் கூடும் என்றுதான் நானும் நினைத்தேன். பலம் குறைந்துவிட்டது. மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கியது. வேகம் காட்டும் முள்ளும் பொய் சொல்ல ஆரம்பித்தது. “முள்ளு நாப்பதுங்குது, ஆனா வண்டி நாப்பத்தஞ்சுல போவுது” என்றார். முள்ளை நம்புவதா, ஜன்னலில் பின்னால் ஓடுகிற மரத்தை நம்புவதா என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு பின்பக்கம் அடியிலிருந்து ஒரு ஊளைச் சத்தம். ஒரு நாள் ‘டக்’ என்றது. ஜமால் பாயிடம் கொண்டுபோனோம்.

எட்டு

பின் சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரி ஓர் இரும்புக் கூடு இருக்கும். பாய் அதைத் திறந்தார். உள்ளே பெரிய பல்சக்கரம் கிரவுன், சின்னது பினியன். இஞ்சின் சின்னதைச் சுற்றும், சின்னது பெரியதைச் சுற்றும், பெரியது டயரைச் சுற்றும். இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. சின்னதில் ஒரு பல் உடைந்திருந்தது.

பாய் எண்ணிக் காட்டினார். “பாருங்கண்ணே. உடைஞ்சதையும் சேத்துச் சின்னதுல எட்டு. பெருசுல முப்பத்தொம்பது.”

“எட்டா?” எங்க வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். “இத்தினி வருசமா உள்ள எட்டா ஓடிச்சு?”

“வண்டி பொறந்தப்பவே எட்டுதாண்ணே.”

“அதான்! நம்பரு ஒம்போது இருந்தும் ஒண்ணும் வெளங்கலியேன்னு பாத்தேன். போர் போட்டேன், தண்ணி வல்ல. கன்னுக்குட்டி செத்துச்சு. நானு காலை ஒடச்சிக்கிட்டேன்.”

“காலை ஒடச்சது வூட்டுப் படியில வழுக்கிண்ணே. பல்லு என்ன பண்ணும்?”

“நீங்க சும்மா இருங்க பாய். ஒம்போதுல இல்லியா?”

“இருக்கு. ஒம்போதுக்கு நாப்பத்தொண்ணு. ஆனா பெரிய டயருக்கு அது ஆவாதுண்ணே. எட்டுக்கு நாப்பத்து மூணு போடணும்.”

“நாலும் ஒண்ணும் அஞ்சு. ஒம்போது, அஞ்சு. ரெண்டுமே நல்ல எண்ணு.” கணக்கு முடிந்துவிட்ட மாதிரி கையைத் தட்டிக்கொண்டார்.

பாய் விடவில்லை. இரண்டு விதத்தையும் கடையிலிருந்து வரவழைத்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் ஒரே கணக்கு இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் முன்னால் ஒரு வேகம், பின்னால் ஒரு வேகம் என்று வண்டி தனக்குத்தானே மல்லுக்கட்டுமாம்.

அங்கே தூக்கி நிறுத்தியிருந்த வேறொரு வண்டியின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அடியில் போகிற நீளத் தண்டைக் கையால் சுற்றினார்.

“கூட்டைத் தெறக்காமயே கண்டுபிடிக்கலாம். சக்கரம் ஒரு சுத்து வர்றதுக்குள்ள இந்தத் தண்டு எத்தினி சுத்துன்னு பாருங்க. ஒம்போதுக்கு நாப்பத்தொண்ணுன்னா நாலரை. உங்க பழசு அஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. எட்டுக்கு நாப்பத்து மூணுன்னா அஞ்சேகாலுக்கும் மேல. தண்டு நெறைய சுத்துனா வேகம் கொறையும், இழுவை கூடும்.”

எங்க வீட்டுக்காரர் குனிந்து கவனமாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். எட்டு ஒன்பதைவிடச் சின்னது. ஆனால் எட்டுக்குத்தான் பலம் அதிகம் என்கிறார். நாற்பத்து மூன்று பெரியது. ஆனால் அதைப் போட்டால் மெதுவாகப் போகும் என்கிறார். எனக்குத் தலை சுற்றியது.

என் முகத்தைப் பார்த்து பாய் சொன்னார்: “அக்கா, தண்ணிக் குடத்தோட மேடு ஏறுறீங்க. நீட்டி அடி வச்சா மூச்சு வாங்கும். சின்னச் சின்ன அடியா வச்சா ஏறிடலாம். பெரிய டயரு நீட்டி வைக்கிற அடி. எட்டுக்கு நாப்பத்து மூணு அதைச் சின்னதாக்கும்.”

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

ஏனென்றால் அடுத்ததாகத்தான் அவர், “நீங்களே சொல்லுங்க, எந்தப் பல்லு போடட்டும்?” என்று கேட்டார். எங்க வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். சரியானது எது என்று குடத்துக் கதையில் தெரிந்துகொண்டவள், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“ஒம்போதே போட்டுருங்க.”

கருகல் நாற்றம்

அந்த வாரம் என் தம்பி செல்வராசுவின் காட்டில் கரும்பு வெட்டினார்கள். எனக்குப் பின்னாலேயே இந்தப் பக்கம் வந்து நிலம் வாங்கியவன் அவன். வெட்டி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. வெட்டிய கரும்பு நாளாக ஆக எடை குறையும்.

“மாமா, ஒங்க யானையைக் கொண்டாங்க” என்று வந்து கூப்பிட்டான்.

புதுப் பல், பெரிய டயர், நல்ல எண். இவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நானும் ஏறினேன். சுமை ஏற்றி வரப்பு மேட்டில் ஏறும்போது வண்டி அப்படியே நின்றது. முதல் கியரில் போட்டு அழுத்தினார். இஞ்சின் முனகியது. திரும்பத் திரும்ப அழுத்தினார். மயிர் கருகுகிற மாதிரி ஒரு நாற்றம், காலடியிலிருந்து புகை. கிளச் போய்விட்டது.

கரும்பு வெட்டும் பெண்கள் சும்மா இருப்பார்களா?

“அண்ணே, யானைக்கு மதம் புடிக்கலியா?”

“செருப்பு பெருசு, காலு சின்னதுடி அதுக்கு!”

இரண்டு டிராக்டர் கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்தார்கள். இவர் வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு, “வெள்ளிக்கிழமை வண்டி ஒடைக்கிற ஆளை வரச் சொல்லியிருக்கேன். தூக்கிக் குடுத்துரலாம்” என்றார்.

நான் சோற்றைப் போட்டுக்கொண்டே நின்றேன்.

“ஏங்க… இன்னொரு தடவ பாக்கலாமே.”

“என்னத்தப் பாக்குறது? ராசியான எண்ணு போட்டே இழுக்கல. இனிமே அது வண்டியில்ல, இரும்பு. செல்வராசு காட்டுலேருந்து அந்தக் கரும்பை இந்த வண்டி வெளிய கொண்டாரட்டும், அப்பப் பேசலாம். வண்டி ஒம் பேர்லதான இருக்கு, நீ என்னமோ செஞ்சிக்க.”

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டாரே.

வண்டி போனால் ஆட்டோவும் பஸ்ஸும் இருக்கின்றன, போக வர ஒன்றும் குறையில்லை. ஆனால் நான் எங்கே போய்ப் பேசுவேன்? இதை யாரிடம் சொல்ல முடியும்? சொல்வதற்கும் அந்தக் கேபினில்தான் உட்கார வேண்டும்.

தனியாகப் பஸ்ஸில்

மறுநாள் காலையில் பெரம்பலூர் பஸ்ஸில் தனியாக ஏறினேன். என் வயசுக்கு அது முதல் தடவை இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். கண்டக்டரிடம் ஊர்ப் பேர் சொல்வதற்குள் இரண்டு ஸ்டாப் போய்விட்டது.

பாய் பட்டறை வாசலில் கால் மணி நேரம் நின்றேன். யாரோ சொல்லித்தான் அவர் வெளியே வந்தார்.

“அக்கா! உள்ள வரலாம்ல?”

“அந்த எட்டு…” என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அவர் உள்ளே போய்ச் சாக்கோடு தூக்கி வந்து முன்னால் வைத்தார். “நான் திருப்பிக் குடுக்கல. வருவீங்கன்னு தெரியும். அண்ணன் வருவாருன்னு நெனச்சேன், நீங்க வந்துட்டீங்க.”

“முன்னாலயும் பின்னாலயும்…”

“ரெண்டுக்கும் இருக்கு. கிளச்சும் மாத்தணும். அண்ணனுக்குத் தெரியுமா?”

தலையை ஆட்டினேன், தெரியாது என்று.

“கேட்டா என்ன சொல்றது?”

“ஒம்போதுதான்னு சொல்லுங்க. கூட்டை மூடிட்டா உள்ள இருக்குற பல்லு யாருக்குத் தெரியப் போவுது?”

சொல்லிவிட்டு நானே திகைத்துப் போனேன். இவ்வளவு நீளமாக ஓர் அயலாரிடம் நான் பேசியதே இல்லை. அதுவும் பொய்.

பாய் சிரித்தார். “நான் பொய் சொல்ல மாட்டேங்க்கா. கிளச்சு மாத்தி, பல்லையும் சரி பண்ணியாச்சுன்னு சொல்லுவேன். எத்தினின்னு அவர் கேக்காம இருந்தா இன்ஷா அல்லாஹ் தப்பிச்சோம்.”

செல்வராசு வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பட்டறையில் விட்டான். வியாழக்கிழமை மத்தியானம் வண்டி தானாகவே வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. பாயே ஓட்டி வந்தார். சொன்னபடி சொன்னார். எங்க வீட்டுக்காரர் எத்தனை என்று கேட்கவில்லை. “கடைசியா ஒரு தடவ” என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஏறினார்.

அதே வரப்பு. அதே சேறு. அதே பெண்கள், வாயில் வெற்றிலையோடு தயாராக நின்றார்கள். நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். வண்டி அவசரப்படவில்லை. சின்னச் சின்ன அடியாக, தண்ணீர்க் குடம் சுமக்கிறவள் மாதிரி ஏறியது. கண்ணைத் திறந்தபோது ரோட்டில் இருந்தோம்.

பொழுது சாய்வதற்குள் ஒரு கட்டு பாக்கியில்லாமல் வெளியே வந்துவிட்டது. வண்டி உடைக்கிற ஆளுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொன்னார்.

சாக்பீஸ் கோடு

வெள்ளிக்கிழமை காலை. பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன்.

“இந்தா, இங்க வா” என்று வாசலிலிருந்து குரல்.

போய்ப் பார்த்தேன். பின் சக்கரம் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கட்டை கொடுத்திருந்தார். இவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். டயரில் ஒரு வெள்ளைக் கோடு. சாக்பீஸ்.

பட்டறையில் பாய் சுற்றிக் காட்டியபோது இவரும் குனிந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? கூட்டை மூடினால் யாருக்கும் தெரியாது என்று எந்தப் புத்தியில் சொன்னேன்?

“கோடு இப்ப மேல இருக்குல்ல? ஒரு சுத்து சுத்தி அதே எடத்துக்கு வந்ததும் சொல்லு” என்றார்.

அடியில் படுத்திருப்பவருக்குக் கோடு தெரியாது. தண்டை அவர் எண்ணுவார். கோட்டை நான்தான் சொல்ல வேண்டும். நாலரையில் “வந்துருச்சு” என்றால் ஒன்பது. அவ்வளவுதான் வேலை.

“ஒண்ணு” என்றார். டயர் மெல்ல நகர்ந்தது.

“ரெண்டு.”

கோடு தரைப்பக்கம் போனது.

“மூணு. நாலு.”

கோடு அந்தப் பக்கமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. இன்னும் மேலே வரவில்லை. தண்டு இன்னும் பாதி சுற்றியது. இதுதான் இடம். என் வாய் திறந்தது. உள்ளே பால் பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம் கேட்டது. நான் சொல்லவில்லை.

“அஞ்சு” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இன்னும் கொஞ்சம். கோடு உச்சிக்கு வந்தது.

“வந்துருச்சுங்க” என்றேன்.

வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டுவார் என்றால் திட்டட்டும், கேட்டுக்கொள்ளலாம். பேசாமல் படுத்திருந்தால் என்ன செய்வது?

கடைசியில் வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பழந்துணியை எடுத்து எச்சில் தொட்டு, டயரில் இருந்த கோட்டை அழுத்தித் துடைத்தார். கொஞ்சம்கூட மிச்சமில்லாமல் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்துச் செல்வராசு சைக்கிளில் வந்து இறங்கினான்.

“மாமோவ், நேத்து என்னா இழுவை! ஊரே பேசுது. எத்தினி பல்லுதான் போட்டீங்க?”

நான் தரையைப் பார்த்தேன்.

இவர் துணியை உதறித் தோளில் போட்டார்.

“ஒம்போது. நம்ம வண்டிக்கு எப்பவும் ஒம்போதுதான்.”

என் பக்கம் திரும்பினார். “பாலு தீயுது பாரு. எறக்கி வச்சிட்டு வா, ஆலை வரைக்கும் போயிட்டு வந்துரலாம்.”

மணைக்கட்டையில் கால் வைத்து ஏறினேன். ரோட்டுக்கு வந்ததும் இஞ்சின் சத்தம் முன்னைவிடக் கூடத்தான் இருந்தது. சின்ன எண் எப்படிப் பெரிய பலம் கொடுக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. எட்டை வெறுக்கிற மனிதர் எட்டின்மேல் உட்கார்ந்து, எதுவும் நடக்காத மாதிரி எப்படி ஓட்டினார் என்றும் தெரியாது.

அந்தச் சத்தத்துக்குள் வாயைத் திறந்து, “எட்டுங்க! நாந்தான் போடச் சொன்னேன்!” என்று கத்தினேன்.

“என்ன?” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார், அதே கத்தலில்:

“சாப்ட்டியா?”